ஆர்.சி.யில் இருக்கிற என் வண்டியைத் திருப்பித் தாருங்கள்

அனுப்புநர்:
உங்கள் கார் புதுப்பிப்பு நிகழ்ச்சியின் நான்காம் வார வெற்றியாளர்,
ஈரோடு.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
தொலைக்காட்சி நிறுவனம்,
சென்னை.

நாள்: 3.11.2025

பொருள்: பரிசாக மாற்றித் தரப்பட்ட மாருதி 800 காரை ஓட்டவோ, புதுப்பிக்கவோ, விற்கவோ முடியாத நிலை குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். என் கார் வந்த பகுதியைத் தீபாவளி அன்று காலை மறுபடியும் ஒளிபரப்பினீர்கள். பலகாரத் தட்டோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "உங்க வண்டிதானுங்க, இன்னும் பளபளன்னு இருக்குது" என்றார். அந்த நேரம் வண்டி எங்கள் வாசலில் தார்ப்பாய்க்குள் நின்றது. நான்கு மாதமாக அப்படித்தான் நிற்கிறது. இந்தக் கடிதத்தை இன்னும் தள்ளிப்போடக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். 2010 ஜூனில் வாங்கிய வெள்ளை மாருதி 800தான் எங்கள் குடும்பத்தின் ஒரே கார். என் அம்மாவுக்கு 78 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்குப் போவது, அமாவாசைக்குப் பவானி கூடுதுறைக்குப் போவது எல்லாம் இந்த வண்டியில்தான். 2024 ஜூலையில் என் மகள் உங்கள் நிகழ்ச்சிக்கு விண்ணப்பம் போட்டாள். விண்ணப்பத்தில் எங்கள் தேவையைத் தெளிவாக எழுதியிருந்தோம்: கிளட்ச் தேய்ந்துவிட்டது, ரேடியேட்டர் ஒழுகுகிறது, நான்கு டயரும் மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 19 அன்று உங்கள் குழு வந்தது. படம் எடுப்பதற்கு முன்னால் வண்டி மேல் சேற்றுத் தண்ணீரை ஊற்றினார்கள். பம்பரின் ஒரு பக்க போல்ட்டைக் கழற்றித் தொங்கவிட்டார்கள். "இந்தக் கார்ல காலேஜ் போனா எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று என் மகளைச் சொல்ல வைத்தார்கள். அவள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. மூன்று முறை எடுத்த பிறகுதான் "ஓகே" என்றார்கள். அந்த ஒரு வரியை வைத்து இன்றைக்கும் கல்லூரியில் அவளைக் கேலி செய்கிறார்கள். வண்டியைப் பற்றிய புகாரை விட இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அதனால் இதை முதலில் எழுதுகிறேன்.

பத்து நாளில் தருவதாகச் சொல்லி எடுத்துப்போன வண்டி டிசம்பர் 28 அன்று கைக்கு வந்தது. மொத்தம் 131 நாள். பொங்கல் சமயத்தில் ஒளிபரப்பானபோது திரையில் "72 மணி நேரத்தில்" என்று எழுத்து ஓடியது. அந்த 131 நாளும் அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போன செலவு 14,600 ரூபாய். கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் தேதிவாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் வரி. சாவி தருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் உங்கள் அலுவலகத்தில் இருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, பரிசு மதிப்பு நாலு லட்சத்துப் பத்தாயிரம். முப்பது பர்சென்ட் டேக்ஸ் நாளைக்குக் காலைல கட்டிடுங்க, கட்டினாத்தான் ஷூட்டிங்" என்றார். 1,23,000 ரூபாய்! வரி கேட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. வருமான வரிச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, பரிசு பொருளாக இருந்தால் வரி கட்டப்பட்டதை உறுதி செய்த பிறகுதான் அதை ஒப்படைக்க வேண்டும் என்று ஆடிட்டர் விளக்கினார். என் சம்பளத்துக்கு வரி கிடையாது. ஆனால் பரிசு வருமானத்துக்கு அந்த விலக்கு எதுவும் பொருந்தாதாம், முதல் ரூபாயில் இருந்தே 30 சதவீதமாம். செஸ் என்று, அந்த வரிக்கு மேல் ஒரு வரியாக, இன்னொரு 4,920 ரூபாய் கணக்குத் தாக்கல் செய்தபோது போனது. இதெல்லாம் உங்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். விண்ணப்பத்தில் ஒரு வரி போட்டிருந்தால் நாங்கள் யோசித்திருப்போம். ஒரு ராத்திரி அவகாசத்தில் என் மனைவியின் மூன்றரைப் பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. இன்னும் மீட்கவில்லை.

அந்த 4,10,000 ரூபாய் மதிப்புக்குள் 24,000 ரூபாய் மினி பிரிட்ஜும் 46,000 ரூபாய் வீடியோ கேம் கருவியும் அடக்கம். இரண்டும் படம் எடுத்து முடித்த அன்றே கழற்றப்பட்டு உங்கள் வேனில் ஏறின. "அது அடுத்த வாரத்துக்கும் வேணும்" என்றார்கள். என் வீட்டுக்கே வராத 70,000 ரூபாய்ப் பொருளுக்கு நான் 21,000 ரூபாய் வரி கட்டியிருக்கிறேன். வரி கட்டியதற்கு நீங்கள் தர வேண்டிய சான்றான படிவம் 16ஏ-வும் இன்றுவரை வரவில்லை. நான்கு முறை மின்னஞ்சல் அனுப்பியாயிற்று.

சரி, வண்டிக்கு வருகிறேன். ஊதா, ஆரஞ்சு என்று இரண்டு கலர் அடித்திருக்கிறீர்கள். கூரைத் தகட்டை வெட்டிக் கண்ணாடி வைத்திருக்கிறீர்கள். 12 இஞ்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 14 இஞ்ச் அலாய் போட்டிருக்கிறீர்கள், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசுகிறது. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியதால் எங்கள் தெரு வேகத்தடையில் வண்டியின் அடி தட்டுகிறது. பின் சீட்டை எடுத்துவிட்டு அந்த இடம் முழுக்க ஸ்பீக்கர் பெட்டி. நான்கு பேர் போன வண்டியில் இப்போது இரண்டு பேர்தான் உட்கார முடியும். பானெட்டுக்கு மேலே தீப்பிழம்பு வரைந்த உங்கள் ஆட்கள் அதைத் திறந்து உள்ளே பார்க்கவே இல்லை. அதே கிளட்ச், அதே ஒழுகும் ரேடியேட்டர்.

வண்டி வந்த மறுநாள் அம்மாவைக் கூட்டிப்போகக் கதவைத் திறந்தேன். அவர் பழக்கத்தில் வலது காலை ஊன்றி, இடது கையை மேலே தூக்கினார். கதவுக்கு மேலே அவருக்காகவே பட்டறையில் சொல்லி நான் ஒரு இரும்புக் கைப்பிடி வைத்திருந்தேன், வழுக்காமல் இருக்க அதில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். அந்த இடத்தில் இப்போது நீல விளக்கு ஓடுகிறது. அம்மாவின் கை அந்த விளக்குப் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது. "ஏங்கண்ணு, புடிச்சு ஏறுற புடி எங்க?" என்று கேட்டார். ரேஸ் கார் சீட்டு தரையோடு தாழ்ந்து, இரண்டு பக்கமும் உயர்ந்து இருக்கிறது. அதில் அவரை உட்கார வைக்க முடிந்தது, எழுப்ப நானும் என் மனைவியும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர் அந்த வண்டியில் ஏறவில்லை. இந்தப் பத்து மாதத்தில் கூடுதுறைக்கு ஒரே ஒரு தடவை, பஸ்ஸில் போனார்.

பிப்ரவரியில் பெருந்துறை ரோட்டில் போகும்போது வயர் கருகும் வாசனை வந்தது. ஓரம் கட்டுவதற்குள் டேஷ்போர்டுக்குள் இருந்து புகை. பேட்டரியில் இருந்து ஆம்பிளிபயருக்குப் போன தடித்த வயர், தகட்டில் போட்ட ஓட்டை வழியாக ரப்பர் புஷ் இல்லாமல் நுழைக்கப்பட்டிருந்தது. ஓட்டையின் விளிம்பு அறுத்து அறுத்துச் செம்பு வெளியே தெரிந்தது. "அண்ணே, இதுல பியூஸே போடலைங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா வண்டி எரிஞ்சிருக்கும்" என்றார் எலக்ட்ரீஷியன். அந்த வயரின் படத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பதை நினைத்துப் பாருங்கள். பழுது பார்க்க 9,800 ரூபாய் ஆனது. வண்டியில் செய்த மாற்றங்களை முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்று சொல்லி இன்சூரன்ஸில் தர மறுத்துவிட்டார்கள். தெரிவிக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கண்ணாடிகளில் நீங்கள் ஒட்டிய கறுப்பு பிலிமைப் போலீஸ் நிறுத்திய அன்றே அபராதம் கட்டிவிட்டு உரித்துவிட்டேன். உச்ச நீதிமன்றம் 2012-லேயே கார் பிலிமுக்குத் தடை போட்டுவிட்டது. கார்களையே தொழிலாக வைத்து நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

கடைசியாக ஜூன் மாதம். 15 வருடம் முடிந்ததால் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றைப் புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணத்தோடு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிப்போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் ஆர்.சி. புக்கைப் பார்த்தார், வண்டியைச் சுற்றி வந்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார். கோபப்படவில்லை. "ஐயா, இந்த ஆர்.சி.யில இருக்கிற வண்டியக் கொண்டு வாங்க" என்றார். கலர் மாறியதை விண்ணப்பம் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம், கூரையை வெட்டியதையும் சீட்டை எடுத்ததையும் அப்படி ஏற்ற வழியில்லை என்று விளக்கமாகச் சொன்னார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறதாம். வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 2019-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தத் தண்டனை வண்டியின் உரிமையாளருக்கு. அதாவது எனக்கு.

இதைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் கேட்டபோது, நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினார்கள். சட்டப்படியான அனுமதிகள் எல்லாம் வெற்றியாளர் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. பதினொரு பக்கம், முழுக்க ஆங்கிலம். ராத்திரி 11 மணிக்கு, லைட்டெல்லாம் அணைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பிளாஸ்டிக் நாற்காலி மேல் வைத்துக் கையெழுத்து வாங்கினீர்கள். யாரும் படித்துக் காட்டவில்லை. நான் கேட்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்ன மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்பதை நிகழ்ச்சியின் ரகசியம் என்று எங்களிடம் மறைத்தது நீங்கள். என்னவென்றே தெரியாத வேலைக்கு நான் எப்படி முன்கூட்டியே அனுமதி வாங்க முடியும்?

இப்போது ஆர்.சி. காலாவதி ஆகிவிட்டது. ஓட்ட முடியாது. ஆர்.சி. இல்லாத வண்டியைப் பழைய இரும்பு விலைக்குத்தான் கேட்கிறார்கள். போன வாரம் பெய்த மழையில் கூரைக் கண்ணாடியின் ஓரம் ஒழுகி, ஸ்பீக்கர் பெட்டி ஊறி உப்பியிருக்கிறது. மழை நிற்கும்போதெல்லாம் தார்ப்பாயை விலக்கி, நான் உள்ளே துணி வைத்துத் தண்ணீர் ஒற்றுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். வண்டியை உங்கள் செலவில் ஆர்.சி.யில் உள்ளபடி திரும்ப ஆக்கி, எஃப்.சி. (தகுதிச் சான்று) முடித்துத் தாருங்கள். கூரைக்குப் புதுத் தகடு, பழைய அளவுச் சக்கரம், நான்கு சீட்டு. நீங்கள் மாட்டிய அலாயையும் ஸ்பீக்கரையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே எடுத்துக்கொண்ட பொருள்களின் மதிப்பைக் கழித்துப் பரிசு மதிப்பைத் திருத்தி, 21,000 ரூபாயையும் படிவம் 16ஏ-வையும் அனுப்புங்கள். பழுதுக்கான 9,800 ரூபாயையும் ஆட்டோ செலவையும் தாருங்கள். என் மகள் பேசும் அந்தக் காட்சியை இனி ஒளிபரப்பக் கூடாது, இணையத்தில் இருந்தும் எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு உங்களுக்குப் பத்து பைசா செலவில்லை, அதை இன்றைக்கே செய்யலாம்.

2021-இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, ஒளிபரப்பு பற்றிய புகாருக்கு நீங்கள் 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை காத்திருப்பேன். பதில் வராவிட்டால் அந்த விதிகளில் உள்ள அடுத்த கட்டத்துக்கும், வண்டி விஷயத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். ஆர்.சி. நகல், வரி கட்டிய ரசீது, அடகு ரசீது, எலக்ட்ரீஷியன் பில், இன்சூரன்ஸ் மறுப்புக் கடிதம், ஆட்டோ செலவுக் கணக்கு எல்லாம் இணைத்திருக்கிறேன்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. கழற்றிய பழைய சாமான்களை உங்கள் பட்டறையில் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். டியூப் சுற்றிய அந்தக் கைப்பிடி அதில் இன்னும் கிடந்தால், வண்டி வேலைக்குக் காத்திருக்காமல் அதை மட்டும் முதலில் கூரியரில் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
வண்டி உரிமையாளர்,
ஈரோடு.