ட்ரம் அடிச்சவரே பாட வந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில தே தாரிக் குடிச்சுக்கிட்டே ஜெனசிஸ்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்ட் பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். 1975ல பாடகர் பீட்டர் கேப்ரியல் போனதோட பேண்ட் செத்துப் போச்சு, அப்புறம் வந்ததெல்லாம் காசுக்குப் பாடுன பாப் பாட்டுன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க, எனக்கு மனசு ஆறல சார்.

கேப்ரியல் காலத்த நான் குறை சொல்ல வரல. 1967ல இங்கிலாந்துல போர்டிங் ஸ்கூல் பசங்க ஆரம்பிச்ச குரூப்பு, 1972ல ஒரே பாட்ட 23 நிமிஷம் இழுக்குற அளவுக்கு வளந்துடுச்சு, கேப்ரியல் தன் பொண்டாட்டியோட செவப்பு கவுனையும் நரித்தலையையும் மாட்டிக்கிட்டு மேடையில நின்னாரு. நம்ம தோட்டத்துல விடிய விடிய கூத்து பாத்து வளந்தவங்களுக்கு அது பெரிய அதிசயம் இல்ல.

அவரு போனப்புறம் பாடகர் தேடி எத்தனையோ பேர பாட வச்சுப் பாத்தாங்க, ஒருத்தரும் சரிப்படல, கடைசில 1970லேர்ந்து பின்னாடி உக்காந்து ட்ரம் அடிச்ச ஃபில் காலின்ஸே மைக்க புடிச்சாரு. அவரு பாடி 1976ல வந்த ஆல்பத்தோட மொத பாட்டே 7 எண்ணிக்கை தாளம், இதுவா பாப் பாட்டு? எங்க தோட்டத்து லயத்துல, அதான் வரிசை வீட்டுல, பக்கத்து வீட்டு அண்ணன் உருமி மேளம் அடிப்பாரு, அவருகிட்ட கேசட்ட போட்டுக் காட்டுனேன். பால் வாளிய கவுத்து வச்சு தட்டிப் பாத்துட்டு, "டேய், மிஸ்ர சாபு மாதிரி வருதுடா, இந்த வெள்ளக்காரனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னாரு.

அப்புறம் அண்ணனோட உருமி குழுவுல பாடுறவரு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாரு, அண்ணனே பாட வேண்டியதாப் போச்சு. மொத திருவிழாவுல உருமிய தோள்லேர்ந்து எறக்கவே இல்ல, ஆளுங்கள பாக்காம தரைய பாத்தே பாடுனாரு. காலின்ஸும் அப்படித்தான், டூருக்கு வேற ட்ரம்மர வச்சுக்கிட்டாங்க, ஆனா பாட்டு வரி இல்லாத எடம் வந்தா இவரும் ஓடிப்போய் இன்னொரு ட்ரம் செட்ல உக்காந்துடுவாரு.

1977ல கிட்டார் ஸ்டீவ் ஹாக்கெட்டும் போயிட்டாரு, மிச்சம் மூணே பேரு. 1978லதான் பிரிட்டன்ல மொத தடவையா டாப் டென்ல ஒரு பாட்டு ஏறுச்சு, அமெரிக்காவுல நம்பர் ஒன் வர 1986 ஆச்சு. பத்து வருஷமா கொஞ்சம் கொஞ்சமா மாறுனத ராத்திரியோட ராத்திரியா மாறுன மாதிரி எழுதுனா எப்படி? அந்த 1986 ஆல்பத்துல சில பாட்டு எனக்கும் புடிக்காது, ட்ரம் மெஷின் சத்தம் தகரக் கொட்டாயில மழ பேஞ்ச மாதிரி இருக்கும். ஆனா அதே ஆல்பத்துல பத்து நிமிஷத்துக்கு மேல ஓடுற ரெண்டு பாகப் பாட்டும் இருக்கு, உங்க கட்டுரையாளர் அதுவரைக்கும் கேக்கல போல. நம்ம பினாங்கு ஆலிகேட்ஸ் பேண்ட்ல ஆறுமுகம் அண்ணன் தம்பி இங்கிலிஷ் பாட்டுலேர்ந்து மலாய் பாட்டுக்கு வந்தாங்களே, அப்போ நாம யாராச்சும் திட்டுனோமா?

2022 மார்ச் 26, லண்டன்ல கடைசி ஷோ. காலின்ஸால ட்ரம் அடிக்க முடியல, நாற்காலில உக்காந்து பாடுனாரு, பின்னாடி ட்ரம்ல அவரு மகன் நிக், கூட்டத்துல கேப்ரியல். அந்த டூர் வீடியோவ கைபேசியில அண்ணனுக்குக் காட்டுனேன். அவரு பாடுறவர பாக்கவே இல்ல, மகன் கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்