அடிமை ஒழிப்பு இடையில் வந்த இலக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடிமை முறையை ஒழிக்கவே அமெரிக்க அதிபர் லிங்கன் 1861-இல் உள்நாட்டுப் போரைத் தொடங்கினார் என்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை கூறுகிறது. அது சரியன்று. தென் மாநிலங்கள் பிரிந்தது அடிமை முறையைக் காக்கத்தான் என்றாலும், வடக்கு களமிறங்கியது ஒன்றியத்தை, அதாவது அமெரிக்கா ஒரே நாடாக இருப்பதைக் காப்பதற்காக. அடிமை முறை நிலவும் மாநிலங்களில் தலையிடும் எண்ணமில்லை எனப் பதவியேற்பு உரையிலேயே லிங்கன் சொல்லியிருந்தார்.

ஏற்காட்டில் காபித் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "சார், அதுவரைக்கும் அந்த அடிமைங்க சும்மாவா இருந்தாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். சும்மா இருக்கவில்லை. 1861 மே மாதத்தில் ஓரிரவு, தென்படைக்குப் பீரங்கி மேடை கட்ட அமர்த்தப்பட்டிருந்த மூவர் படகேறி, பிரிந்துபோன வர்ஜீனியா மாநிலத்தில் வடக்கின் வசமிருந்த மன்றோ கோட்டையில் தஞ்சம் புகுந்தனர். அவர்களைத் திருப்பிக் கேட்டு உரிமையாளரின் ஆள் வந்தபோது, வழக்கறிஞராக இருந்து தளபதியான பட்லர், 'வர்ஜீனியா தன்னை வேற்று நாடென்று சொல்லிக்கொண்ட பின் தப்பிய அடிமைகளைத் திருப்பித் தரச் சொல்லும் எங்கள் சட்டத்தைக் காட்டி எப்படிக் கேட்கலாம்' என்ற வாதத்தால் மறுத்துவிட்டார். செய்தி பரவி, ஆயிரக்கணக்கானோர் வடபடையின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தனர்.

1863 ஜனவரி 1-ஆம் நாள் விடுதலைப் பிரகடனம்கூட ஒன்றியத்தில் நீடித்த அடிமை மாநிலங்களைத் தொடவில்லை. ஆனால் கறுப்பின ஆண்களைப் படையில் சேர்க்க வழிவிட்டது. ஏறத்தாழ 1,80,000 பேர் சேர்ந்தனர். நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் 1865 டிசம்பரில்தான் மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்று நடைமுறைக்கு வந்தது.

தங்கள் கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடுவதானால், மன்றோ கோட்டையில் தஞ்சம் புகுந்த ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற அம்மூவரின் பெயர்களையும் சேர்க்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.