காசு தருகிறோம், டிஸ்க் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டில் படம் பார்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஓடிடி, ஸ்மார்ட் டிவி, சவுண்ட்பார் என்று விலை முதற்கொண்டு விவரமாக எழுதியிருந்தீர்கள், நல்லது. ஆனால் டிவிடிக்கு அடுத்து வந்த, அதைவிடத் தெளிவான ப்ளூரே டிஸ்க்குக்கு ஒரே ஒரு வரிதான், அதுவும் எப்போதோ செத்துப்போன சாமான் என்கிற தொனியில். வெளிநாட்டில் அதன் வியாபாரம் இளைத்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நம்மூரில் தமிழ்ப் படங்களுக்கு அது சரியாகப் பிறக்கவே இல்லையே, அதைப் பற்றி யார் எழுதுவது?

ரஜினியின் 'முத்து'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-இல் இங்கே வந்தது, 1998-இல் ஜப்பானில் ஓடு ஓடென்று ஓடியது, எல்லோருக்கும் தெரிந்த கதை. 2018-இல் ஜப்பான்காரர்கள் அதை முழு எச்டியைவிடத் தெளிவான 4கே தரத்தில் புதுப்பித்து மறுபடியும் தியேட்டரில் போட்டார்கள், அப்புறம் ப்ளூரேயாகவும் விற்றார்கள். நம்ம ஊர்ப் படம், நம்ம ஊர்ப் பாட்டு, ஆனால் பளிச்சென்று ஒரு பிரதி கையில் வேண்டுமென்றால் ஜப்பானிலிருந்து கூரியரில் வரவழைத்து, சுங்க வரியும் கட்டி, ஜப்பானிய சப்டைட்டிலோடு பார்க்க வேண்டும்.

இன்னொன்று நடனக் கலைஞர் உதய்சங்கரின் 'கல்பனா', 1948. இந்திப் படம்தான், ஆனால் எடுத்தது சென்னை ஜெமினி ஸ்டூடியோவில். பஸ்ஸில் இன்றைக்கும் ஜெமினி என்று டிக்கெட் கேட்கிறோமே, அந்த ஜெமினி. ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி தொடங்கிய உலக சினிமா திட்டம் இதைக் கையில் எடுத்து, இத்தாலியில் பொலோனியா நகரத்து லேபில் சீர்செய்து, 2012-இல் கான் விழாவில் திரையிட்டது. இப்போது நியூயார்க்கில் இருக்கும் கிரைட்டீரியன் கம்பெனியின் ப்ளூரே தொகுப்பு ஒன்றில் அது கிடைக்கிறது. கோடம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே எடுத்த படத்துக்கு இத்தாலிக்காரர் மெனக்கெட்டிருக்கிறார், அமெரிக்காக்காரர் டிஸ்க் போட்டிருக்கிறார். நாம் மேம்பாலத்துக்குப் பேர் மட்டும் வைத்துக்கொண்டோம்.

சரி, அந்த டிஸ்க்கை வாங்கியாகிவிட்டது என்றே வையுங்கள். அங்கேதான் அடுத்த வம்பு. ப்ளூரேயில் உலகத்தை மூன்று ரீஜன்களாக, அதாவது பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சிங்கப்பூர், மலேசியா பக்கமெல்லாம் ஏ. ஐரோப்பா, வளைகுடா, ஆஸ்திரேலியா எல்லாம் பி. இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா சி. ஏ என்று பூட்டிய டிஸ்க்கை சி பிளேயரில் போட்டால் ஒரு எச்சரிக்கை வாசகம் வரும், அவ்வளவுதான், படம் வராது. நான் பிளேயர் வாங்கிய கடையில் "ரீஜன் ஃப்ரீ சார், எல்லா டிஸ்க்கும் ஓடும்" என்று அடித்துச் சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் டிவிடிக்கு மட்டும்தான் அந்த சுதந்திரம், ப்ளூரேக்கு இல்லை. திரும்பப் போய்க் கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது: "அமெரிக்கா டிஸ்க் எதுக்கு சார் உங்களுக்கு, என்ன படம்னு சொல்லுங்க, பென் டிரைவ்ல போட்டுத் தர்றேன்." காசு கொடுத்து ஒழுங்காக வாங்குகிறவனுக்குத்தான் இந்தப் பூட்டெல்லாம், பென் டிரைவுக்கு ரீஜன் கிடையாது.

(வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டையின் பின்பக்கம் சின்னதாக ஏ, பி, சி எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வார்னர் மாதிரிப் பெரிய ஸ்டூடியோக்களின் டிஸ்க்குகள் பலவற்றில் பூட்டு இல்லை, எங்கேயும் ஓடும். 2016-இல் அறிமுகமான 4கே ப்ளூரே டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டே கிடையாது. தனி பிளேயர் கிடைக்காவிட்டால் டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 வீடியோ கேம் பெட்டி போதும், 4கே டிஸ்க்கும் அதில் ஓடும். பிள்ளைகள் விட்டுக்கொடுத்தால்.)

இவ்வளவு பாடு எதற்கு, அதே படம் ஓடிடியில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் தன் சந்தாதாரர்களுக்குச் சொல்லும் கணக்குப்படி முழு எச்டி பார்க்க நொடிக்கு 5 மெகாபிட் வேகம் இருந்தால் போதும், 4கேவுக்கு 15. சாதாரண ப்ளூரேயில் படத்துக்கு மட்டுமே நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் இருக்கிறது. டிவிடி 4.7 ஜிபி, இரண்டு அடுக்கு என்றால் 8.5 ஜிபி. ப்ளூரே 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், ராத்திரிக் காட்சி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஓடிடியில் கதாநாயகனுக்குப் பின்னால் இருக்கும் இருட்டு பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும், யாராவது அசைந்தால் அந்தக் கறுப்பு கட்டம் கட்டமாக நகரும். மழை, புகை, கூட்டத்தில் பூ தூவுவது என்று திரையில் ஆயிரம் பொடிப்பொடியாக அசைகிற இடமெல்லாம் கஞ்சியாகிவிடும். டிஸ்க்கில் இருட்டு இருட்டாகவே இருக்கும், அதற்குள் சுவரில் இருக்கும் ஆணிகூடத் தெரியும். சத்தமும் அப்படித்தான். டிஸ்க்கில் வரும் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர், டால்பி ட்ரூஎச்டி என்ற ஒலி முறைகள் இரண்டிலும் மிக்ஸிங் செய்தவர் கொடுத்தது கொஞ்சமும் வெட்டுப்படாமல் வருகிறது. ஓடிடியில் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு வித்தியாசம் முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும்.

டிவி வாங்கிய அன்றைக்கே செட்டிங்கில் போய், இடையில் ஃபிரேம்களைச் சேர்த்து அசைவை வழவழப்பாக்கும் அந்த 'ஸ்மூத்' சமாச்சாரத்தை அணைத்துவிடுங்கள், நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை அது சீரியல் மாதிரி ஆக்கிவிடுகிறது. பழைய படங்களைத் திரை நிறைய இழுத்துப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். எம்.ஜி.ஆர். அவ்வளவு குண்டாக எப்போதும் இருந்ததில்லை.

பழைய படம் என்றதும் ஒரு பெரிய கோபம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1973-இல் 'ராஜராஜ சோழன்' வந்தது, தமிழின் முதல் சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரைப் படம். அதற்கப்புறம் எத்தனையோ ஒளிப்பதிவாளர்கள் அந்த அகலத்துக்காகவே காட்சியை அமைத்தார்கள், இந்த ஓரத்தில் ஒருவர், அந்த ஓரத்தில் ஒருவர், நடுவில் பேசாத மௌனம். இப்போது அந்தப் படங்களில் பலவற்றை டிவியிலும் யூடியூபிலும் எப்படிக் காட்டுகிறார்கள்? டிவி பெட்டியின் அளவுக்கு இரண்டு பக்கமும் வெட்டி. 2.35-க்கு 1 அகலத்தில் இருப்பதை டிவியின் 1.78-க்குக் கொண்டுவந்தால் படத்தில் ஏறக்குறைய கால்வாசி போய்விடுகிறது. ஒரு பாத்திரத்தின் மூக்கு மட்டும் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், இவர் யாரோடு பேசுகிறார் என்றே புரியாது. அதற்கு மேல் மூலையில் கம்பெனி லோகோ, கீழே அடுத்த பட விளம்பரம். ஒழுங்காக ஒரு டிஸ்க் போட்டிருந்தால் அந்தப் படம் எடுத்தபடி எங்கேயாவது பத்திரமாக இருந்திருக்கும்.

தமிழ்நாட்டில் டிஸ்க் என்றாலே மரியாதை இல்லாமல் போனதற்குக் காரணமும் இருக்கிறது. 2007 வாக்கில் மோசர் பேர் என்ற கம்பெனி 34 ரூபாய்க்கு டிவிடி, 28 ரூபாய்க்கு விசிடி என்று இறக்கியபோது நாம் எல்லோரும் அள்ளிக்கொண்டு வந்தோம். திருட்டு சிடியோடு போட்டி போட அந்த விலைதான் வழி, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு டிஸ்க் என்றால் மலிவுச் சரக்கு என்று மனதில் பதிந்துவிட்டது. அப்புறம் ஒரே டிவிடியில் மூன்று படம் திணித்துக் கொடுத்தார்கள், முகமெல்லாம் மெழுகு பூசியது போல் வந்தது. பர்மா பஜாரில் "ப்ளூரே பிரிண்ட் சார்" என்று கொடுப்பார்களே, அது இணையத்தில் இறக்கிய கோப்பைச் சுருக்கி டிவிடியில் எழுதியது. அதைப் பார்த்துவிட்டு ப்ளூரே என்றால் இவ்வளவுதானா என்று முடிவு கட்டியவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். இதற்கு நடுவில் டிவிடிக்கு அடுத்த இடத்துக்காகத் தோஷிபாவின் எச்டி டிவிடியும் சோனி பக்கத்து ப்ளூரேயும் மோதிக்கொண்டு, 2008 பிப்ரவரியில் தோஷிபா கை தூக்கியது. ஜெயித்த ப்ளூரே கடைக்கு வந்து நிலைகொள்வதற்குள் இங்கே எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது.

வாங்க ஆள் இல்லை என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். 'கர்ணன்' படத்தைப் புதுப்பித்து 2012-இல் தியேட்டரில் விட்டபோது, 1964-இல் வந்த படத்துக்கு இளைஞர்கள் கூட்டம் வரவில்லையா? 2024-இல் 'கில்லி'யை 4கேவில் மறுவெளியீடு செய்தபோது தியேட்டரில் எழுந்து ஆடாத ஆள் உண்டா? அந்தப் புதுப்பித்த பிரதியைச் செய்யும் பெரிய செலவு ஏற்கெனவே முடிந்துவிட்டது. அதை டிஸ்க்கில் அடித்து, கூடவே ஒளிப்பதிவாளரோடு ஒரு பேட்டி, எடிட்டர் பேச்சு, ஒரு சின்னப் புத்தகம் வைத்தால் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுக்க ஆள் இருக்கிறோம். லட்சம் பிரதி போடச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ட்வைலைட் டைம் என்று ஒரு சின்ன கம்பெனி இருந்தது, பெரும்பாலான படங்களை 3,000 பிரதிதான் போடும், தீர்ந்தால் தீர்ந்தது. அந்த மாதிரி முன்பதிவு வாங்கிக்கொண்டு போடுங்கள், பதிவு சேரவில்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ரீஜன் பூட்டு மட்டும் போடாதீர்கள். டொரொன்டோவிலும் லண்டனிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் தமிழர்கள்தான் முதலில் வாங்கப்போகிறவர்கள், அவர்களில் ஒருவர் பிளேயர்கூட சி கிடையாது.

டிஸ்க் சாகாவரம் பெற்றது என்று நான் சொல்லமாட்டேன். 2000-களின் பின்பாதியில் அடித்த தன் டிவிடிகளில் சில கெட்டுப்போகின்றன என்று வார்னர் நிறுவனமே 2025-இல் ஒத்துக்கொண்டது. ஓப்போ 2018-இல் ப்ளூரே பிளேயர் செய்வதை நிறுத்தியது, அடுத்த வருடம் சாம்சங் அமெரிக்கச் சந்தைக்குப் புது மாடல் செய்வதைக் கைவிட்டது. ஆனால் ஓடிடியில் 'வாங்கு' பொத்தானை அமுக்கி வாங்கிய படம் மட்டும் நம்முடையதா? கலிஃபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது, டிஜிட்டலாக விற்பவர் நீங்கள் வாங்குவது படத்தை அல்ல, பார்க்கும் உரிமத்தை மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அங்கே சட்டம் போட்டுச் சொல்ல வைக்கிறார்கள், இங்கே ஒப்பந்தம் முடிந்த மறுநாள் படம் காணாமல் போனால் கேட்க நாதியில்லை. என் அலமாரியில் இருப்பதை எந்த ஒப்பந்தமும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் தமிழ்ப் படங்களுக்கு ஒரு டிஸ்க் பிரிவு, நல்ல டிவியோடும் ஹெட்ஃபோனோடும் பத்து இருக்கை, அவ்வளவு போதும். தயாரிப்பாளர் போடும் டிஸ்க்கில் நூலகத்துறை ஒரு நூறு இருநூறு பிரதி வாங்கினாலே முன்பதிவில் ஒரு பங்கு நிரம்பிவிடும். புத்தகத்துக்கு இதைச் செய்கிற அரசுதானே.

கடைசியாக உங்களிடம். உங்கள் சினிமா பக்கத்தில் வாரம் ஒரு மறுவெளியீட்டுச் செய்தி வருகிறது, கட்-அவுட், பாலாபிஷேகம், முதல் நாள் வசூல் எல்லாம் வருகிறது. அடுத்த முறை அந்தத் தயாரிப்பாளரைப் பேட்டி எடுக்கும் நிருபரிடம் சொல்லி ஒரே ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லுங்கள்: டிஸ்க் எப்போது வரும், எங்கே பணம் கட்ட வேண்டும்? பதிலை அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.