தமிழ்ப் பக்கம் இருக்கிறது, வழிதான் தெரியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் தமிழில் உருப்படியான தகவல் எதுவும் கிடைப்பதில்லை என்று வருந்தி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைக் கடந்த வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். அவருடைய வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆயினும், அவர் இல்லை என்று முடிவுகட்டியவற்றுள் சில, இருந்தும் கண்ணில் படாதவையாக இருக்கக்கூடும் என்பது, கிளை நூலகம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வுக்குப் பின்னும் அங்குள்ள கணினியில் வாசகர்களுக்கு உதவிவரும் என் அனுபவம்.

சென்ற கோடையில் கடையம் பக்கத்திலிருந்து தென்னை விவசாயி ஒருவர் வந்தார். மட்டைகளின் அடிப்புறத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் படிந்து, கீழ்மட்டைகள் கரிபூசியதுபோல் கறுத்துக் கிடக்கின்றன என்றார். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டு, பிறகு தமிழகத்தின் தென்னந்தோப்புகளில் பரவிய ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயின் வேலை அது. பலரும் சேர்ந்து எழுதித் திருத்தும் விக்கி வகைத் தளங்களுள், வேளாண்மைக்கென்றே நடத்தப்படும் பன்மொழி விக்கி ஒன்றில் அதைப் பற்றிய பக்கத்தைத் தேடியெடுத்தேன். பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. “தமிழ்ல இருந்தா நானே வாசிச்சுக்கிடுவேன் சார்” என்றார்.

மொழியை மாற்றும் வசதி தலைப்புக்கு அருகில் எங்கும் இல்லை. கீழே உருட்டிக்கொண்டே போனபோது, உரிமக் குறிப்புக்கும் அடியில், சீன எழுத்து ஒன்றும் ஆங்கில ‘ஏ’ எழுத்தும் ஒட்டி நிற்கும் ஒரு சிறு குறி தென்பட்டது. மொழி மாற்றத்துக்கு உலகெங்கும் புழங்கும் குறிதான் அது. ஆனால் சீனமும் ஆங்கிலமும் அறியாத ஒருவர், அதற்குள் தமிழ் இருக்கிறது என்று எப்படி ஊகிப்பார்? அதை அழுத்தித் தமிழைத் தேர்ந்தபோது, ‘தேடுக’, ‘உள்நுழைக’ போன்ற பொத்தான்கள் மட்டும் தமிழாயின. கட்டுரை ஆங்கிலமாகவே நின்றது. பொத்தான்கள் அடங்கிய இடைமுகத்தின் மொழி வேறு, உள்ளடக்கத்தின் மொழி வேறு என்பதை அந்த விவசாயிக்கு விளக்கிக்கொண்டிருப்பது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆங்கிலத்தைப் படித்துப் பொருள் சொல்லி அனுப்பிவைத்தேன்.

சில நாட்கள் கழித்து, விக்கி மென்பொருளில் பழக்கமுள்ள இளைஞர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் முகவரிப் பட்டையில் அந்தப் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் ‘டி’, ‘ஏ’ (ta) என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் சேர்த்துத் தட்டினார். முழுக் கட்டுரையும் தமிழில் வந்து நின்றது. மஞ்சள் ஒட்டும் பொறிகளை எங்கே கட்டுவது, ஒட்டுண்ணிக் குளவியை எப்படி விடுவது, கரும்பூசணம் உதிர மைதா மாவுப் பசையை எப்படிக் கரைத்துத் தெளிப்பது என்று எல்லாம் நல்ல தமிழில், யாரோ பொறுமையாக மொழிபெயர்த்தது. பக்க வரலாற்றைப் பார்த்தால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டிருக்கிறது.

காரணம் மிகச் சிறியது. விக்கித் தளங்களை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளோடு மொழிபெயர்ப்பு நீட்சி என்ற கூடுதல் வசதியைப் பயன்படுத்தும் தளங்களில், ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் மூலப்பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் சாய்கோடும் மொழிக்குறியும் சேர்ந்த துணைப்பக்கமாகச் சேமிக்கப்படுகிறது. மூலப்பக்கத்தின் தலையில் மொழிப்பட்டைக்கான ஒரே ஒரு நிரல்வரியை இட்டால், இருக்கும் மொழிகள் எல்லாம் அங்கே வரிசையாகத் தோன்றும், இடாவிட்டால் தோன்றா. அந்த ஒரு வரி அங்கே விடுபட்டிருந்தது. நிர்வாகிகளுக்கு எழுதினேன். பயனர் கணக்கு தொடங்கி, விருப்பத்தேர்வுகளில் மொழியை மாற்றிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அப்படி மாற்றினாலும் மாறுவது அதே பொத்தான்கள்தாம் என்பது ஒருபுறம் இருக்க, பூச்சிக்கு மருந்து கேட்டு வருபவரிடம் முதலில் கணக்கு தொடங்கச் சொல்வது என்ன முறையோ!

இது சிறிய தளங்களுக்கு மட்டும் நேர்ந்த குறையும் அன்று. விக்கிப்பீடியாவிலேயே, கணினித் திரையில் மொழிப் பட்டியல் நெடுங்காலம் இடப்பக்க ஓரத்தில், பற்பல கருவி இணைப்புகளுக்குக் கீழே கிடந்தது. 2023 சனவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவின் தோற்றம் மாற்றப்பட்டபோதுதான் கட்டுரைத் தலைப்பின் வரிசையிலேயே, இத்தனை மொழிகள் என்ற எண்ணிக்கையோடு, அது மேலே ஏறியது. அந்தத் தோற்றத்தைப் பலர் குறைகூறினார்கள்; எனக்கும் அதன் அகன்ற வெற்றிடங்கள் பிடிக்கவில்லை. இந்த ஒரு மாற்றத்துக்காக மட்டும் பொறுத்துக்கொள்கிறேன்.

ஆங்கிலப் பெயரில் தேடி, அங்கிருந்து தமிழுக்குத் தாவுவதில் வேறொரு பயனும் உண்டு. குளிர்காலத்தில் எங்கள் குளங்களுக்கு வந்து மீனைக் கால்களால் பற்றிச்செல்லும் ஆஸ்ப்ரே என்ற பறவைக்கு ‘விராலடிப்பான்’ என்ற அழகான பெயர் இருப்பதை நான் அப்படித்தான் அறிந்தேன். ஆனால் இந்தத் தாவல் தானாக அமைவதன்று. 2013 முதல் விக்கிப்பீடியாவின் மொழியிணைப்புகள் விக்கித்தரவு என்ற பொதுத் தளத்திலிருந்து எடுக்கப்படுகின்றன; தமிழில் கட்டுரை எழுதியவர் அங்கே இணைக்க மறந்தால், ஆங்கிலப் பக்கத்தின் பட்டியலில் தமிழ் இடம்பெறாது. நெல், அரிசி, சோறு என்று நாம் பிரித்தறிவதை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கும்போது, எதனோடு எதை இணைப்பது என்ற சிக்கலும் எழும்.

பன்மொழி விக்கி நடத்தும் நிறுவனங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. மொழித் தேர்வு தலைப்புக்கு அருகில், குறியாக மட்டும் இல்லாமல், ‘தமிழ்’ என்று தமிழ் எழுத்திலேயே இருக்கட்டும். சில தளங்களைப்போலக் கொடி வேண்டாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று பல நாடுகளில் பேசப்படும் மொழிக்கு எந்தக் கொடியை நடுவது? அழுத்தினால் முதற்பக்கத்துக்குத் தள்ளிவிடாமல் அதே கட்டுரையின் தமிழ் வடிவத்துக்குக் கொண்டுசெல்லட்டும். தமிழ் வடிவம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டால், நாங்கள் வேறு இடத்தில் தேடிக்கொள்வோம்.

அந்த வேளாண் விக்கியில் இன்றுவரை மாற்றம் இல்லை. இப்போதைக்கு, முகவரிக்குப் பின்னால் சாய்கோடு, ‘டி’, ‘ஏ’ தட்டவும் என்று ஓர் அட்டையில் எழுதி, நூலகக் கணினியின் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.