கிரேடு 3-ஐ ஸ்டேஜ் 3-ன்னு படிச்சுட்டு நாங்க அழுத கதை

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட மகளிர் இணைப்புல மார்பகப் புற்றுநோய் பத்தி ஒரு பக்கம் வந்துச்சு, நல்ல விஷயம்தான், போட்டதுக்கு நன்றி. ஆனா ஓரத்துல ஒரு பெட்டி கட்டி நாலே நாலு வரி போட்டிருந்தீங்க பாருங்க, முதல் கட்டம் குணமாகும், இரண்டாம் கட்டம் சிரமம், மூன்றாம் கட்டம் முற்றியது, நான்காம் கட்டம் கைவிடப்பட்டதுன்னு, அதைப் படிச்சுட்டு எனக்கு காலை காபி எறங்கல. நான் கும்பகோணத்துல தையல் கடை வச்சிருக்கேன், டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல. எங்க அக்காவோட ஒன்றரை வருஷமா ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சவ, அவ்ளோதான். இந்த நாலு வரி மாதிரி அரைகுறையா தெரிஞ்சு வச்சிருந்ததால எங்க வீட்ல என்ன ஆச்சுன்னு சொல்லத்தான் எழுதுறேன். நீளமா இருந்தா வெட்டிக்கோங்க, ஆனா சென்டிமீட்டர் கணக்கை மட்டும் வெட்டிடாதீங்க.

அக்காவுக்கு 49 வயசு, மன்னார்குடி பக்கம் இருக்கா. குளிக்கும்போது எடது மார்ல கையில தட்டுப்பட்டிருக்கு, வலி எதுவும் கெடையாது. ஊசி போட்டு சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினாங்க, ரிப்போர்ட் வாங்கப் போனது எங்க அண்ணன். கவரைப் பிரிச்சவருக்கு கண்ணுல பட்டது ஒரே வார்த்தை, கிரேடு 3. உடனே பஸ் ஸ்டாண்டுலேர்ந்தே எல்லாருக்கும் போன், "மூணாம் ஸ்டேஜாம்"னு. அவர் வீடு வந்து சேர்றதுக்குள்ள ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல ஒப்பாரி வைக்காத குறை. சித்தி ஒருத்தங்க, பொண்ணு கல்யாணத்தை இந்த ஆவணிக்குள்ள முடிச்சுடுங்க, அவ கண்ணால பாத்துடட்டும்னு சொல்றாங்க, அக்கா பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கா. அத்தான் இருக்கிற ஒன்றரை மா நிலத்துக்கு ஆள் பாக்கவே கிளம்பிட்டாரு.

அக்கா பொண்ணு நர்ஸிங் மூணாம் வருஷம் படிக்குது, அதுதான் ராத்திரி ஹாஸ்டல்லேர்ந்து போன் போட்டு கத்துச்சு, கிரேடு வேற ஸ்டேஜ் வேற, பயாப்ஸி ரிப்போர்ட்டை மட்டும் வச்சு ஸ்டேஜ் யாரும் சொல்லவே முடியாது, எல்லாரும் அழுறதை நிறுத்துங்கன்னு. அது சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். கிரேடுங்கிறது மைக்ராஸ்கோப்ல செல்லைப் பாத்து, இது நல்ல செல் சாயல்ல இருக்கா, இல்ல அடையாளமே தெரியாம மாறிப்போயி வேகமா பெருகுதான்னு போடுற மார்க். மூணு விஷயம் பாப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் 1லேர்ந்து 3 மார்க், கூட்டி 8 இல்ல 9 வந்தா கிரேடு 3, அதுக்கு மேல கிரேடே கெடையாது. அதாவது அதோட குணம் எப்படின்னு சொல்றது கிரேடு, அது எவ்ளோ தூரம் போயிருக்குன்னு சொல்றது ஸ்டேஜ். ரொம்ப மோசமான குணம் உள்ளது ஒரு சின்ன மூலையிலயே பிடிபட்டிருக்கலாம், சாதுவா இருக்கிறது மெதுவா நடந்து ஊரெல்லாம் போயிருக்கவும் செய்யலாம்.

அப்புறம் ஸ்கேன் எல்லாம் எடுத்து முடிச்சு டாக்டர் ரூம்ல உக்காந்தோம். அவர் நல்ல மனுஷன், ஸ்கேன் கவரோட பின்பக்கத்துல படம் வரைஞ்சு மூணு எழுத்து எழுதினார், டி, என், எம். டின்னா கட்டி, என்னுன்னா நெறி, எம்முன்னா வேற உறுப்புக்குப் போனது. இந்த மூணையும் சேத்துதான் ஸ்டேஜ் போடுவாங்க, ஸ்டேஜ் எண்ணுக்குப் பின்னாடி வர்ற ஏ, பி, சி அதுக்குள்ள இருக்கிற உட்பிரிவு. உலகம் முழுக்க இதே மூணு எழுத்துதானாம், பியர் டெனுவான்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1940கள்ல ஆரம்பிச்ச கணக்கு, இன்னிக்கும் அதுதான் அஸ்திவாரம்.

டியில 2 சென்டிமீட்டர் வரைக்கும் டி1. 2க்கு மேல 5 வரைக்கும் டி2. 5ஐத் தாண்டினா டி3. நான் இஞ்ச் டேப்லயே வாழுறவ, உடனே கணக்குப் போட்டேன், 5 சென்டிமீட்டர்னா கிட்டத்தட்ட ரெண்டு இஞ்ச், அக்காவோடது 2.4, ஒரு இஞ்ச்கூட முழுசா இல்ல. ஒரு அரைநெல்லிக்காய்க்கா இவ்ளோ ஒப்பாரின்னு தோணிச்சு. டாக்டர் விடல, சைஸை மட்டும் வச்சு சந்தோஷப்படாதீங்கம்மான்னார். கட்டி சின்னதா இருந்தாலும் தோலைப் பிச்சுக்கிட்டு புண்ணா வெளியில வந்துட்டா, இல்ல உள்ள நெஞ்சுக்கூட்டைப் பிடிச்சுட்டா, அது நேரா டி4, ஸ்டேஜ் குறைஞ்சது 3 பி. மார்புத் தோல் கமலா ஆரஞ்சு தோல் மாதிரி தடிச்சு புள்ளி புள்ளியா ஆகுதே அதுவும் இதுலதான் சேரும், சில பேருக்கு கட்டியே கையில தட்டாது, மார்பே செவந்து வீங்கியிருக்கும், மாத்திரை போட்டா சரியாயிடும்னு விட்டுடுவாங்க. உங்க பெட்டியில இதுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

நெறிங்கிறது அக்குள்ல இருக்கிற நெறிகட்டிங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி கையால தொட்டும் ஸ்கேன்லயும் பாப்பாங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்ததை எண்ணுவாங்க, 1லேர்ந்து 3 நெறியில இருந்தா என்1, 4லேர்ந்து 9 வரைக்கும் என்2, 10ம் அதுக்கு மேலயும் இருந்தா என்3. கழுத்தெலும்புக்கு மேல அதே பக்கம் நெறி வந்திருந்தாலும் என்3தான், அதாவது 3 சி. இதை ஏன் சொல்றேன்னா கழுத்தெலும்பு மேல நெறின்ன உடனே நாலாம் ஸ்டேஜ்னு முடிவு கட்டி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டவங்களை நானே பாத்திருக்கேன், வேற உறுப்புக்குப் போகலன்னா அது 3ல இருக்கிறது, குணப்படுத்துற நோக்கத்தோடதான் வைத்தியம் பாப்பாங்க.

அக்காவுக்கு டி2 என்0 எம்0, அதாவது நெறியிலயும் இல்ல, வேற உறுப்புக்கும் போகல. ஸ்டேஜ் 2 ஏ. அண்ணன் முகத்துல அப்பதான் ரத்தம் வந்துச்சு. ஆனா டாக்டர் அதோட நிறுத்தாம இன்னொரு பேப்பரை எடுத்தார். இஆர், பிஆர், ஹெர்2ன்னு மூணு டெஸ்ட், முதல் ரெண்டும் கட்டி ஹார்மோனுக்குக் கட்டுப்படுமான்னு பாக்குறது, ஹெர்2ங்கிறது செல் மேல இருக்கிற ஒரு புரதம், மூணுமே நெகட்டிவ். நெகட்டிவ்னா நல்லதுதானேன்னு அத்தான் கேட்டார் பாவம், மத்த எல்லா டெஸ்ட்லயும் நமக்கு நெகட்டிவ்தானே நல்லது. இங்க அப்படி இல்லியாம், ஹார்மோன் மாத்திரையும் கேக்காது, ஹெர்2க்குன்னு இருக்கிற ஊசியும் கேக்காதுன்னு அர்த்தம். 2018லேர்ந்து அமெரிக்காவுல நடைமுறைக்கு வந்த புது கணக்குல டி, என், எம்மோட இந்த மூணு டெஸ்ட்டையும் கிரேடையும் சேத்துதான் ஸ்டேஜ் போடுறாங்க, அதுல பாத்தா அக்கா 2 பி. கட்டி அதே 2.4தான், நெறியும் இல்ல, ஆனா எண் ஒரு படி மேல போயிடுச்சு. இதே மாதிரி ஹார்மோன் பாசிட்டிவ்வா கிரேடு கம்மியா இருந்தா கீழ எறங்கவும் செய்யும். அப்ப உங்க பெட்டியில அக்கா எந்த வரியில நிக்கிறா, சொல்லுங்க?

வார்டுல பக்கத்து பெட்ல ஒரு அம்மா இருந்தாங்க, ஒரத்தநாடு பக்கம். அவங்களுக்கு கட்டி 2 சென்டிமீட்டருக்குள்ள, ஸ்கேன்ல நெறி இல்ல, ஸ்டேஜ் 1ன்னு சொல்லி ஆபரேஷன் பண்ணாங்க. பத்து பதினஞ்சு நாள்ல ரிப்போர்ட் வந்தப்ப ரெண்டு நெறியில இருக்குன்னு வந்து 2 ஏ ஆயிடுச்சு. அவங்க பையன் போட்ட சத்தம் இருக்கே, ஒண்ணாம் ஸ்டேஜ்ல கொண்டுவந்து விட்டோம், உங்க கையில வந்து ரெண்டாச்சு, கத்தி பட்டதாலதான் பரவிடுச்சுன்னு. கத்தி பட்டா பரவும்ங்கிறது நம்ம ஊர்ல எவ்ளோ பேரை ஆபரேஷன் வேணாம்னு ஓட வச்சிருக்கு! அந்த நெறி ரெண்டும் முன்னாடியே அப்படித்தான் இருந்திருக்கு, ஸ்கேன் கண்ணுக்குத் தெரியல, மைக்ராஸ்கோப் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. முன்னாடி போடுறது மதிப்பு, பின்னாடி போடுறது அளந்தது. ரிப்போர்ட்ல டிக்கு முன்னாடி சின்ன சி இருந்தா முதலாவது, சின்ன பி இருந்தா ரெண்டாவது. அந்தப் பையனுக்கு இதை யாராவது ஆபரேஷனுக்கு முதல் நாளே அஞ்சு நிமிஷம் சொல்லியிருந்தா அந்த அம்மா அன்னிக்கு அப்படி அழுதிருக்க மாட்டாங்க.

எங்க கதையில அதுக்கு நேர் எதிரா ஒரு கூத்து. அக்காவுக்கு முதல்ல கீமோ குடுத்து கட்டியை சுருக்கிட்டுதான் ஆபரேஷன். சாயம் போட்டு முதல்ல எந்த நெறிக்குப் போகுதுன்னு பாத்து 3 நெறி மட்டும் எடுத்தாங்க, மூணும் சுத்தம், கட்டி 8 மில்லிமீட்டர்தான் மிச்சம். ரிப்போர்ட்ல ஒய்பி டி1பி என்0ன்னு இருந்துச்சு. ஒண்ணுன்னு பாத்த உடனே அண்ணன் லட்டு வாங்கிட்டு வந்துட்டார், ரெண்டுலேர்ந்து ஒண்ணாயிடுச்சுன்னு. டாக்டர் லட்டை எடுத்துக்கிட்டார், ஆனா ஸ்டேஜ் எறங்குறது எல்லாம் கெடையாதுங்க, முதல்ல போட்டது போட்டதுதான், முன்னால ஒய் இருந்தா மருந்து எவ்ளோ வேலை செஞ்சிருக்குன்னு பாக்குற தனிக் கணக்குன்னார். கட்டி மிச்சம் இருந்ததால அப்புறம் கீமோ மாத்திரையும் போடச் சொன்னார். அதே மாதிரிதான், நாலு வருஷம் கழிச்சு எலும்புல திரும்ப வந்தாலும் முதல்ல குடுத்த ஸ்டேஜ் மாறாது, திரும்பி வந்து பரவியிருக்குன்னுதான் எழுதுவாங்களாம். நாலாம் ஸ்டேஜுன்னு போடுறது முதல் தடவை கண்டுபிடிக்கும்போதே எம்1ஆ இருந்தா.

அந்த நாலாம் ஸ்டேஜ் பத்திதான் எனக்கு ரொம்ப கோவம். கைவிடப்பட்டதுன்னு எப்படிங்க எழுத மனசு வந்துச்சு? கீமோ ஹால்ல ஒரு அக்கா வருவாங்க, எலும்புல பரவி நாலாம் ஸ்டேஜுன்னுதான் முதல் நாளே சொல்லியிருக்காங்க, அவங்களுக்கு ஹார்மோன் பாசிட்டிவ், மாத்திரையும் எலும்புக்கு ஊசியும்தான். மூணாவது வருஷம் ஓடுது, விடியக்காலை எழுந்து இட்லி கடை போட்டுட்டு பத்து மணிக்கு ஊசிக்கு வர்றாங்க. முழுசா குணமாக்க முடியாதுன்னு டாக்டர் அவங்ககிட்ட மறைக்கல, கட்டுப்பாட்ல வச்சுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. உங்க பேப்பர் அவங்க கடையிலயும் கெடக்கும், இட்லி பொட்டலம் கட்ட. அந்தப் பெட்டி அவங்க கண்ணுல பட்டுச்சோ என்னமோ.

இன்னொண்ணு விட்டுட்டேன், பூஜ்யம். உங்க பட்டியல்ல அதுவே இல்ல. பால் குழாய்க்குள்ளயே இருக்கு, சுவரைத் தாண்டலன்னா ஸ்டேஜ் 0. எங்க கடைக்கு வர்ற ஒரு டீச்சருக்கு அப்படி வந்துச்சு, பூஜ்யம்னா ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்னு எட்டு மாசம் தள்ளிப்போட்டாங்க. அப்புறம் போயி ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க, நல்லாருக்காங்க, ஆனா எட்டு மாசம்.

ஐயா, உங்ககிட்ட கேக்குறது ரெண்டே விஷயம். புற்றுநோய்னு செய்தி வந்தா "முற்றிய நிலை", "கடைசி கட்டம்"னு தலைப்பு போடாதீங்க, ரிப்போர்ட்ல என்ன எண் இருக்கோ அதை மட்டும் போடுங்க. அடுத்த இணைப்புல அந்த டி, என், எம் படத்தை ஒரு கால் பக்கம் போடுங்க. எங்க டாக்டர் வரைஞ்ச ஸ்கேன் கவர் இன்னும் என் கடை டிராயர்லதான் இருக்கு, போட்டோ எடுத்து அனுப்புறேன், கையெழுத்து புரியலன்னா போன் பண்ணுங்க, நான் படிச்சு சொல்றேன்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி,
கும்பகோணம்.