ரோபோ யாரு பண்ணுனதுங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் நம்ம பேப்பர் மாவட்டப் பக்கத்துல ரோபோ போட்டில ஜெயிச்ச ஒரு ஸ்கூல் டீம் போட்டோ வந்திருந்துச்சு. நடுவுல தாளாளர், இந்தப் பக்கம் பிரின்சிபால், அந்தப் பக்கம் கோச்சிங் குடுத்த சார், கோப்பை அவங்க மூணு பேரு கையில. பசங்க ரெண்டு ஓரத்துல, அதுல ஒரு பொண்ணுக்கு பாதி மூஞ்சிதான் தெரியுது. செய்தியிலயும் தாளாளர் பேசுனது நாலு வரி இருக்கு, பசங்க பேசுனது ஒரு வரி இல்ல. பாத்ததும் உங்களுக்கு எழுதணும்னு தோணுச்சு, ஆனா கூச்சமாவும் இருந்துச்சு, ஏன்னா இந்த விஷயத்துல நானே ஒரு வேண்டாத வேலை பண்ணி மாட்டுனவன்.

கணபதில சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கேனுங்க. ரெண்டு லேத்து, ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங் மெஷின், பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் ஓட்டிக் குடுக்கற ஜாப் ஒர்க். பொண்ணு எட்டாவது படிக்கறா, ரெண்டு வருஷமா ஸ்கூல்ல லெகோ ரோபோ டீம்ல இருக்கறா, லெகோன்னா ஒண்ணோட ஒண்ணு மாட்டற பிளாஸ்டிக் துண்டுங்க, அதுலதான் ரோபோ பண்ணுவாங்க. தெரியாதவங்களுக்காக சொல்லிடறேன், எட்டடிக்கு நாலடி டேபிள்ல ஒரு விரிப்பு விரிச்சு அது மேல சின்னச் சின்ன மாடலா நிறுத்தியிருப்பாங்க, ரோபோ தானா போயி ஒண்ணத் தூக்கணும், ஒண்ணத் தள்ளணும், ஒண்ண இழுத்துட்டு வரணும், ரிமோட் எல்லாம் கிடையாது, பசங்க முன்னாடியே எழுதி வெச்ச புரோகிராம்தான். ஒரு ஆட்டம் ரெண்டரை நிமிஷம். அந்த ரெண்டரை நிமிஷத்துக்கு மாசக்கணக்கா உக்காந்திருப்பாங்க.

போன வருஷம் ரோபோவுக்கு அவ பண்ணுன கை ஒரு மாடலத் தூக்க மாட்டேன்னு அடம் புடிச்சுது. மோட்டார்ல 36 பல்லு கியர், கைல 12 பல்லு. சர்ருன்னு மேல போகும், கொஞ்சம் வெயிட்டு வந்தா நின்னு முக்கும். எனக்கு பாத்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கியரும் புல்லியும்தான நம்ம பொழப்பு. போட்டிக்கு முந்துன நாள் ரோபோ வீட்லதான் இருந்துச்சு. ராத்திரி அவ தூங்குனதுக்கு அப்புறம் மனசு கேக்காம ரெண்டு கியரையும் இடம் மாத்திப் போட்டுட்டேன், பத்து நிமிஷ வேலை. கையில தூக்கிப் பாத்தேன், நல்லா பலமா இருக்கு, முன்ன மோட்டார் பலத்துல மூணுல ஒண்ணு, இப்ப மூணு மடங்கு, ஆக முன்ன இருந்ததுக்கு ஒம்போது மடங்கு. கெட்டிக்காரத்தனமா ஒரு காரியம் பண்ணிட்டோம்னு நிம்மதியா போயித் தூங்கிட்டேன்.

காலைல போட்டி நடக்கற எடத்துல பிராக்டிஸ் டேபிள்ல வெச்சு ஓட்டுறாங்க, கை லேசா அசைஞ்சு நிக்குது, மேலயே போகல. டீம்ல அஞ்சு பேரும் முழிக்கறாங்க. பலம் ஒம்போது மடங்கு ஏறுச்சுன்னா கை திரும்பற அளவு ஒம்போதுல ஒண்ணா இறங்கிடும்ல, புரோகிராம்ல மோட்டார் 30 டிகிரி சுத்துனா போதும்னு எழுதியிருக்கா, முன்ன அதுக்கு கை 90 டிகிரி எந்திரிச்சுது, இப்ப பத்து டிகிரி. எனக்கு பல்லு கணக்கு தெரியும், புரோகிராம் தெரியாது. கேலரில உக்காந்து நகத்தக் கடிச்சுட்டு இருந்தேன், சொல்லவும் முடியல, பெரியவங்க டேபிள் பக்கம் வரக்கூடாதுன்னு கயிறு கட்டியிருந்தாங்க. அவளே குனிஞ்சு பாத்து கியர் மாறியிருக்கறதக் கண்டுபுடிச்சுட்டா, என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பாத்தா பாருங்க, அத நான் எழுத முடியாது. அப்புறம் 30ஐ 270 ஆக்குனா, கை எந்திரிச்சுது.

ஜட்ஜுங்க கூப்பிட்டு இந்த கியரு ஏன் இப்படி வெச்சீங்கன்னு கேட்டிருக்காங்க. இவ மறைக்கவே இல்ல, "கியர் எங்கப்பா ராத்திரி மாத்திட்டாரு, அதனால புரோகிராம நான் காலைல மாத்துனேன்"னு சொல்லியிருக்கா. பரிசு ஒண்ணும் வரல. வீட்டுக்கு வர்ற வழில பஸ்ல பேசவே இல்ல, சிங்காநல்லூர் தாண்டுனதும் ஒண்ணே ஒண்ணு சொன்னா, "கேட்டிருந்தா நானே மாத்தியிருப்பேன்லப்பா."

ரெண்டு நாளா அதையே நெனச்சுட்டு இருந்தேனுங்க. நான் பத்தொம்போது வயசுல பீளமேட்டுல ஒரு பட்டறைல ஹெல்பரா சேந்தவன். எனக்கு லேத்து சொல்லிக் குடுத்த அண்ணன் ஒரு வருஷத்துல எத்தனை தடவ என் கையில இருந்து வேலைய வாங்கிப் பண்ணியிருப்பாருன்னு யோசிச்சுப் பாத்தா ஒரு தடவ கூட இல்ல. பழைய ஷாஃப்ட் துண்டு குடுப்பாரு, ஓட்டுடாம்பாரு, அளவு தப்பி வீணாப் போகும், எடுத்து ஸ்கிராப்புல போடு, அடுத்தது எடும்பாரு. எங்க தப்புச்சுன்னு அவரு சொல்ல மாட்டாரு, வெர்னியர்ங்கற அளவுக் கருவியக் குடுத்து நீயே அளந்து பாரும்பாரு. ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அடி, லேத்துல இரும்பப் புடிச்சு சுத்தற சக்கு இருக்குல்ல, அத முறுக்கற சாவிய அதுலயே விட்டுட்டு மெஷின் சுவிட்சுல கை வெச்சா கன்னம் பழுக்கும், ஏன்னா அது பறந்து வந்தா மண்டை போயிரும். ஆளு போற விஷயத்துல உடனே புடிச்சு நிறுத்து, ஜாப் போற விஷயத்துல விட்டுப்புடு. அவருகிட்ட இதக் கத்துக்கிட்ட நானே என் பொண்ணுன்னு வந்ததும் ராத்திரில திருட்டுத்தனமா கியர் மாத்தறேன்.

இதுல நான் மட்டும் இல்லீங்க. எங்க பேரன்ட்ஸ் வாட்சப் குரூப்ல போட்டி வர வர என்ன நடக்கும்னா, ஐடி கம்பெனில இருக்கற ஒரு அப்பா புரோகிராம் எழுதி அனுப்புவாரு, ஒரு அம்மா பிரசன்டேஷன் இங்கிலீஷ்ல எழுதி மனப்பாடம் பண்ண வெப்பாங்க, பசங்க அத ஒப்பிக்கும். இன்னொரு ஸ்கூல்ல கோச்சிங் சென்டர்ல காசு கட்டி ரோபோவையே ரெடியா வாங்கிட்டு வந்தாங்கன்னு பசங்களே சொல்லுதுங்க, மூணு ஸ்கூல் ரோபோ அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணு போல நின்னுச்சாம். கேட்டா ஸ்கூல் வாசல்ல ஃபிளக்ஸ் வெக்கணுமே, அட்மிஷன் சமயம் வேற. கோப்பை யாருக்கு வேணும்னு பாத்தா பசங்கள விட நமக்குத்தான் அவசரம்.

அப்படின்னா பெரியவங்க தலையிடவே கூடாதான்னு கேப்பீங்க. இல்லீங்க, அதுவும் தப்பு, சொல்லப்போனா நம்ம ஊர்ல நெறைய எடத்துல நடக்கற தப்பு அதுதான். நிதி ஆயோக் 2016ல அடல் டிங்கரிங் லேப்னு, பசங்க சொந்தக் கையால பண்ணிப் பாத்துக் கத்துக்கற லேப், ஆரம்பிச்சாங்க, ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் பசங்களுக்கு, ஒரு ஸ்கூலுக்கு 20 லட்சம் வரைக்கும் பணம், 10,000 ஸ்கூலுக்கு வந்துருச்சு, 2025 பட்ஜெட்ல அஞ்சு வருஷத்துல இன்னும் 50,000ன்னு அறிவிச்சிருக்காங்க. நல்ல திட்டம், குறை சொல்லல. ஆனா என் தங்கச்சி பையன் படிக்கற ஸ்கூல்ல அந்த லேப் சாமான் பெட்டி வந்து பீரோவுல இருக்கு, தொலஞ்சா யாரு பதில் சொல்றதுன்னு வாத்தியாருக்கு பயம், பூட்டி வெச்சிருக்காரு. தொறக்கற அன்னைக்கு பசங்க முன்னாடி கொட்டிட்டு நீங்களே கண்டுபுடிங்கன்னு விட்டுடறாரு. அவரு மேலயும் தப்பில்ல, அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கலயே. பசங்க ஒரு மணி நேரம் கிண்டிப் பாத்துட்டு வண்டி முன்னாடி போயி பின்னாடி வந்ததோட சரி, அடுத்த வாரம் பாதிப் பேரு வரல. சொல்லித் தர ஆளே இல்லாம சொந்தமாப் பண்ணுன்னா, வெர்னியரும் குடுக்காம அளந்து பாருன்னு சொல்ற மாதிரிதான்.

இந்தப் போட்டிங்க எங்க இருந்து வந்துச்சுன்னு பொண்ணு லேப்டாப்ல தேடிக் காட்டுனா. அமெரிக்காவுல டீன் கேமன்னு ஒரு ஆளு, ரெண்டு சக்கரத்துல நின்னுக்கிட்டே போற செக்வே வண்டிய கண்டுபுடிச்சவரு, அவருதான் 1989ல ஃபர்ஸ்ட்ங்கற அமைப்ப ஆரம்பிச்சாரு, மொத போட்டி 1992ல. எம்ஐடில மெஷின் டிசைன் சொல்லிக் குடுத்த வுடி ஃபிளவர்ஸ்ங்கற புரொபசரும் கூட நின்னாரு. பெரிய பசங்களுக்கான அந்தப் போட்டில ரோபோ அம்பது கிலோவத் தாண்டும், வெல்டிங், மில்லிங் எல்லாம் வரும், அதுல கம்பெனி இன்ஜினியருங்களும் பசங்களும் ஒண்ணா நின்னு வேலை பாக்கறதத் தப்புன்னு சொல்றதில்ல, பக்கத்துல நின்னு பாத்துக் கத்துக்கணும்ங்கறதே அவங்க நோக்கம், நம்ம ஹெல்பர் கத்துக்கற மாதிரின்னு வெச்சுக்குங்களேன். அதே அமைப்பு லெகோகாரங்களோட சேந்து 1998ல சின்னப் பசங்களுக்கு கொண்டாந்த லெகோ லீக்ல ரூலு வேற, வேலை பசங்களோடது, கோச் வழி காட்டலாம், அவ்வளவுதான். வெக்ஸ்னு இன்னொரு போட்டி இருக்கு, அதுல டிசைன், கட்டறது, புரோகிராம் மூணும் பசங்கதான் பண்ணணும்னு எழுதியே வெச்சிருக்காங்க. இத்தனை எழுதி வெச்சும் அந்த ரோபோ பெரியவங்க பண்ணுனதுன்னு அங்கயும் வருஷா வருஷம் சண்டை நடக்குதாம். சரி, நாம மட்டும் இல்லன்னு ஒரு ஆறுதல்.

இந்த வருஷம் நான் வேற மாதிரி இருந்து பாத்தேனுங்க. ரோபோ ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடத்துக்குப் போகுதுன்னு பசங்க புலம்புச்சுங்க. கையால வெக்கறப்ப ஒரு நூல் கோணலா வெச்சாலும் டேபிளோட அந்தக் கோடிக்குப் போறப்ப ரெண்டு இஞ்சு தள்ளிப்போயிரும், அதுதான் வெனை. எனக்குத் தெரியும், வாய் வரைக்கும் வந்துருச்சு, முழுங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை அஞ்சு பேரையும் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஃபிளேஞ்சுன்னு ஒரு வட்டத் தகடு, அதுல ஆறு ஓட்டை போடணும், ஸ்கேல் வெச்சு மார்க் பண்ணிப் போடச் சொன்னேன், ஆறும் ஆறு தினுசு. அப்புறம் ஓட்டை எங்க விழணும்னு டிரில்லுக்கு வழி காட்டற எங்க டிரில்லிங் ஜிக் எடுத்து மாட்டி நான் போட்டுக் காட்டுனேன், இருவது ஃபிளேஞ்சு போட்டாலும் ஓட்டை அதே எடத்துல. இதுக்குப் பேரு ஜிக்குன்னு சொல்லிட்டு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன். ரோபோ பத்தி ஒரு வார்த்தை பேசல.

மூணாவது நாள் லெகோலயே ஒரு எல் மாதிரி சட்டம் பண்ணி, அத டேபிள் மூலைல வெச்சு ரோபோவ அதுல ஒட்டி நிறுத்தி கெளப்பறாங்க. அதோட போகல, டேபிள் ஓரச் செவுத்துல ரோபோவப் பின்னாடி முட்ட விட்டு நடுவழிலயும் நேராக்கிக்கறாங்க, அது நான் சொல்லாதது, எனக்குத் தோணவும் இல்ல. சட்டம் மொதல்ல பண்ணுனது லொட லொடன்னு ஆடுச்சு, ஆடுதேன்னு சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுங்குது, "பத்து தடவ ஓட்டுனா எத்தனை தடவ சரியா வருது?"ன்னு மட்டும் கேட்டேன். எண்ணிப் பாத்து ஆறுன்னாங்க. அடுத்த வாரம் பத்துக்கு ஒம்போது. நடுவுல ரெண்டு பேரு சண்டை போட்டுக்கிட்டு ஒரு நாள் முழுசும் வீணாப் போச்சு, அதுலயும் நான் போகல, போயிருக்கணுமோ என்னமோ, அதுல எனக்கு இன்னும் தெளிவில்ல. ஒரு பையன் அழுதுட்டு வெளிய போனான், அப்பவாவது போயிருக்கலாம்.

எனக்குப் புடிபட்ட வரைக்கும் பாடம் எவ்வளவு வேணும்னாலும் சொல்லிக் குடுக்கலாம், கேள்வி எவ்வளவு வேணும்னாலும் கேக்கலாம், நம்ம கை ரோபோ மேலயும் கீபோர்டு மேலயும் போகக்கூடாது. பேட்டரி சூடாகுது, கத்தி வெச்சு வெட்டறான்னா அப்ப மட்டும் நம்ம கை குறுக்க போயித் தடுக்கட்டும். இதுல ஒரு சிக்கல் இருக்கு, எங்க பசங்களுக்குக் காட்ட எனக்கு ஒரு பட்டறை இருக்கு, தங்கச்சி பையனுக்கு யாரு இருக்கா? நம்ம ஊர்ல தெருவுக்கு ஒரு லேத்து, ஒரு வைண்டிங் கடை, ஒரு ஃபவுண்டரி இருக்கு. பக்கத்து ஸ்கூல் வாத்தியார் வந்து கூப்பிட்டா மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க மாட்டேன்னு சொல்ல மாட்டோமுங்க, இது வரைக்கும் யாரும் கேக்கல, அவ்வளவுதான். ஸ்கூல்காரங்க காசு கட்டி ரெடிமேட் ரோபோ வாங்கற பணத்துல அந்த வாத்தியாருக்கு நாலு நாள் பயிற்சி குடுத்தாலே பெட்டி பீரோவ விட்டு வெளிய வந்துரும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ இந்த மாதிரி செய்தி போடறப்ப உங்க நிருபர் தாளாளர்கிட்ட பேசட்டும், வேண்டாங்கல, பசங்கள்ல ஒருத்தரத் தனியாக் கூப்பிட்டு "இதுல எது ரொம்ப தடவ சொதப்புச்சு, அத எப்படி சரி பண்ணுனீங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க. சொந்தமாப் பண்ணுன புள்ளைக்கு அந்தக் கேள்விக்கு அரை மணி நேரத்துக்குப் பதில் இருக்கும், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாது. அத நாலு வரி போடுங்க. போட்டோவுல கோப்பையப் பசங்க கையிலயே குடுத்துருங்க, பெரியவங்க பின்னாடி நிக்கட்டும், நாங்க உயரமாத்தான இருக்கோம், தெரியும்.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரன்,
கணபதி, கோயம்புத்தூர்.

பின்குறிப்பு: அந்தப் போட்டோவுல பாதி மூஞ்சி தெரியற பொண்ணு என் பொண்ணு இல்லீங்க. எங்க டீம் அந்தப் போட்டிக்கே போகல, அன்னைக்கு அவங்களுக்கு மிட்டெர்ம்.