பத்து ஸ்க்ரூல ஒரு நாற்காலி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்டார்ட்அப்னாலே ஆப், ஃபண்டிங்னு பேசுற ஆளுங்கள்ல நானும் ஒருத்தன் தான், போன வருஷம் வியன்னா போற வரைக்கும். அங்க எம்ஏகேன்னு ஒரு டிசைன் மியூசியத்துல வளைச்ச மர நாற்காலிங்க வரிசையா திரைக்குப் பின்னாடி நிழலா தெரியும், உண்மைய சொன்னா வெளிய மழைன்னு தான் உள்ள நுழைஞ்சேன். மிக்கேல் தோனெட்னு ஒரு தச்சர், 1859ல அவரோட 14ம் நம்பர் நாற்காலி வந்துச்சு. மொத்தமே 6 மரத்துண்டு, 10 ஸ்க்ரூ, 2 நட்டு, மரத்த ஆவியில வேகவச்சு அச்சுல வளைச்சு காயவிடுவாங்க. கழட்டி அடுக்கினா ஒரு கன மீட்டர் பெட்டியில 36 நாற்காலி அடங்கிடும், கப்பல்ல ஏத்தி அனுப்பி போய் சேர்ற இடத்துல மாட்டிக்க வேண்டியது தான்! டிசைன்னா அழகு மட்டும்னு நெனச்சிட்டு இருந்தேன், மனுசன் கப்பல் வாடகையையும் சேர்த்துல்ல டிசைன் பண்ணியிருக்காரு. 1869ல அவரோட காப்புரிமை (பேட்டன்ட்) முடிஞ்சதும் ஆளாளுக்கு காப்பி அடிச்சாங்க, அப்பவும் கம்பெனி படுக்கல.

உங்க வணிகப் பக்கத்துல யாரு எத்தன கோடி ஃபண்டு வாங்குனாங்கன்னு போடுறீங்களே, ஒரு பொருள் எப்படி உருவாச்சுன்னும் அப்பப்ப போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு இளம் வாசகன்